பின்னால் இருக்கட்டும்

யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் அவர் முதலில் ஆட்களைப் பார்க்கமாட்டார், சுவரைத்தான் பார்ப்பார். வணக்கம், சுகம், தேத்தண்ணி எல்லாம் பிறகு. சுவரில் என்ன தொங்குகிறது, எந்த ஆணியில் தொங்குகிறது, அதற்கு முன் அங்கே வேறு ஏதாவது தொங்கியதா என்று பார்த்து முடித்த பின்புதான் கதிரையில் அமருவார். டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரத்தில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து இருந்த வீட்டுக்கு அவர் முதன்முதல் வந்தபோது, வரவேற்பறைச் சுவரில் ஒரு வட்டம் மட்டும் வெளுப்பாக இருந்தது. அதைச் சுட்டிக்காட்டி, "இதிலை இருந்தவர் எப்ப போனவர்?" என்று கேட்டார். முன்பு குடியிருந்த டேனிஷ் அம்மாவின் சுவர்க்கடிகாரம் இருந்த இடம் என்றேன். அவர் முகத்தில் பெரிய ஆறுதல் தெரிந்தது.

அவர் ஈரான்காரர். சிராஸ் நகரத்தில் படங்களுக்குப் பிரேம் போடும் கடை வைத்திருந்தவர். என் தமிழ் அவருக்குத் தெரியாது, அவருடைய பாரசீகம் எனக்குத் தெரியாது. எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது மொழிப்பள்ளியில் பொறுக்கிய அரைகுறை டேனிஷ். அதை அப்படியே பெயர்த்து எழுதினால் வாசிப்பவர்கள் என்னை அடிக்க வருவார்கள். அதனால் என் நினைவில் பதிந்தபடி, யாழ்ப்பாணத் தமிழிலேயே அவரைப் பேசவிடுகிறேன். பெயரை மட்டும் எழுதமாட்டேன். அதற்குக் காரணம் உண்டு, போகப்போக விளங்கும். எங்கள் ஆட்கள் அவரைப் பிரேம்காரர் என்றே சொன்னார்கள். தமிழில் அவர் கற்றுக்கொண்ட ஒரே சொல் 'தம்பி'. என்னை விட மூத்த ஆட்களையும் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

மொழிப்பள்ளி நடைபாதையில் டென்மார்க் மகாராணியின் படம் ஒன்று இருந்தது. முதல் வாரமே அவர் அதன் கீழ்மூலையை இரண்டு விரலால் தூக்கி, பின்பக்கத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆசிரியை பதறிப்போய் என்ன என்று கேட்டாள்.

"இவவுக்குப் பின்னாலை ஆர்?"

"ஒருவரும் இல்லை."

"இவவுக்கு முதல் ஆர்?"

"அவருடைய அப்பா. மன்னர்."

"அவர் எங்கை ஓடினவர்?"

ஓடவில்லை, நோய்வந்து காலமானார் என்றாள் ஆசிரியை. "தன்ரை நாட்டிலையோ?" என்று கேட்டார். ஓம் என்றதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று முழுக்க வகுப்பில் அவர் ஒழுங்காகப் பாடம் படிக்கவில்லை. ஒரு மன்னர் தன் நாட்டிலேயே படுக்கையில் செத்தார் என்பது அவருக்கு விலங்குக்காட்சிச்சாலையில் ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்ததுபோல ஒரு புதினம்.

அவருடைய தொழிலில் ஒரு வழக்கம் இருந்தது. பழைய படத்தை அவர் எறியவேமாட்டார். புதிய படத்தை முன்னால் வைத்து, பழையதைப் பின்னால் தள்ளிவிடுவார். "பின்னாலை இருக்கட்டும்" என்பார். பழைய படம் நல்ல மட்டை, புதிய படம் சுருங்காமல் நிமிர்ந்து நிற்கும் என்பது அவர் சொல்லும் காரணம். ரண்டர்ஸில் குடியிருப்பின் நிலவறையில் ஒவ்வொரு வீட்டுக்கும் சாமான் வைக்க ஒரு சிறிய அறை உண்டு. தன் அறையில் ஒரு மேசையைப் போட்டு அவர் தொழிலைத் தொடங்கினார். பழைய சாமான் கடைகளில் டேனிஷ்காரர் கொண்டுவந்து போட்ட படங்களைப் பிரேமோடு வாங்கிவருவார். பாய்மரக் கப்பல், காற்றாலை, புல் மேயும் மாடு, யாரோ ஒரு பாதிரியார். அவற்றுக்கு முன்னால் எங்கள் கடவுள்கள் வந்து அமர்ந்தார்கள்.

எங்கள் சமயத்தைப் பற்றி அவருக்கு மிக உயர்ந்த அபிப்பிராயம் இருந்தது. "எங்கடை கடவுளுக்குப் படமில்லை. இவ்வளவு காலத்திலை ஒருநாளும் அவர் என்ரை கடைக்கு வந்து பிரேம் கேட்டதில்லை. அவரிட்டை இருந்து வாறம் எண்டு சொன்ன ஆக்கள்தான் வந்தவை. உங்கடை கடவுள்மார் அப்பிடியில்லை, தாங்களே வருகினம்" என்பார். பிள்ளையாரைக் கண்ணாடிக்குள் வைக்கும்போது தும்பிக்கையில் ஒரு தூசு விடமாட்டார். தொழுகை நேரம் வந்தால் சுத்தியலை வைத்துவிட்டு, மேசைமேல் இருக்கும் முருகனையும் சரஸ்வதியையும் ஒரு துணியால் பக்குவமாக மூடிவிட்டு, மூலையில் பாயை விரித்துத் தொழுவார். பிறகு துணியை எடுத்துவிட்டு முருகனிடம் வருவார். அவருக்கு அதில் ஒரு சிக்கலும் இருக்கவில்லை.

சிக்கல் எல்லாம் சிராஸில் நடந்தது. அதை அவர் ஒரே நாளில் சொல்லவில்லை. ஆணி அடிக்கும்போது கொஞ்சம், கண்ணாடி வெட்டும்போது கொஞ்சம் என்று சொன்னதை நான்தான் பொருத்திக்கொண்டேன்.

மன்னர் காலத்தில் அந்தப் பகுதிப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் மன்னர் படத்துக்குப் பிரேம் போட்டது அவர்தான். ஒருநாள் மன்னர் விமானமேறிப் போனார், மதகுருக்கள் வந்தார்கள். அடுத்த மாதமே அதே கல்வி அலுவலகத்திலிருந்து அதே எழுத்தர் வந்தார். தாடி மட்டும் புதிது. பெரிய மதகுருவின் படங்களைக் கட்டுக்கட்டாகத் தந்தார். அளவு அதே அளவு. "ஆட்சி மாறினது, அளவு மாறேல்லை. கெட்டிக்காரர்" என்பார் பிரேம்காரர். பிறகு ஈராக்கோடு போர் வந்து, மட்டைக்குத் தட்டுப்பாடு. அவர் வழக்கப்படி மன்னரைப் பின்னால் தள்ளி மதகுருவை முன்னால் வைத்தார். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக மதகுருவின் முதுகில் மன்னர் சாய்ந்துகொண்டு இருந்தார்.

போர் நகரத்துக்கு வந்தது. ஒரு குண்டு பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் விழ, கட்டடம் ஆடியது. ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் வகுப்புக்கு ஒன்றாக மாட்டியிருந்த பிரேம்கள் எல்லாம் விழுந்து கண்ணாடி நொறுங்க, ஒவ்வொன்றிலிருந்தும் மதகுரு நழுவினார், மன்னர் வெளியே வந்தார், முழுச் சீருடையில், பதக்கங்களோடு. புரட்சிக் குழுவிலிருந்து வந்தவர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "மன்னரை ஆர் சொல்லிக் காத்திருக்க வைச்சனீர்?"

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"மட்டை இல்லையெண்டு சொன்னன். அவை நம்பேல்லை. இவ்வளவு பெரிய சதிக்கு இவ்வளவு சின்னக் காரணம் இருக்கேலாதாம்."

அந்தக் குழுவில் இருந்த ஒருவன் முந்தைய வருடங்களில் அவர் கடையில் சினிமா நடிகைகளின் படங்களுக்குப் பிரேம் போடுவித்தவனாம். அவன்தான் மிகக் கடுமையாக நடந்துகொண்டானாம். முன்பு ஒருமுறையும் அவன் வந்து, கடைக் கண்ணாடியில் இருந்த ஒரு பெண்ணின் படத்தை எடுக்கச் சொல்லியிருக்கிறான். தலையில் முக்காடு இல்லாத பெண்.

"எடுத்தீங்களோ?"

"பின்னாலை வைச்சன்" என்றார். அதற்குமேல் அந்தப் படத்தைப் பற்றி அவர் கதைக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

என் மனம் வேறிடத்தில் இருந்தது. தமிழர் வழக்கு என்று பிறகு டென்மார்க் முழுக்கப் பேசப்பட்ட ஆண்டுகள் அவை. என் மனைவி யாழ்ப்பாணத்தில் இருந்தாள். நான் வெளிக்கிட்டு ஐந்து மாதத்தின் பின் பிறந்த மகளை நான் படத்தில்தான் பார்த்திருந்தேன். குடும்பத்தைக் கூப்பிட எனக்கு உரிமை இருந்தது, விண்ணப்பமும் போட்டிருந்தேன். பதில் மட்டும் வரவில்லை. எங்கள் விண்ணப்பங்களைப் பார்க்காமல் வைத்திருக்கும்படி மேலிருந்தே சொல்லப்பட்டிருந்தது என்பது பின்னால்தான் ஊருக்குத் தெரியவந்தது. அப்போது தெரிந்ததெல்லாம் 'பரிசீலனையில் இருக்கிறது' என்ற ஒரு வரி. அங்கே ஷெல் விழுந்துகொண்டிருந்தது. மனைவியின் கடிதம் இரண்டு மாதம் வராவிட்டால் நான் தபாற்காரனுடைய முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிடுவேன். பயம்தான், வேறொன்றுமில்லை.

எங்களுக்கு இருந்த ஒரே வழி செயலாளர் அண்ணை. எங்கள் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர். எங்களுக்கு முன்பே வந்தவர், டேனிஷ் தெரியும், ரண்டர்ஸில் ஒரு டேனிஷ் வழக்கறிஞரையும் தெரியும். விண்ணப்பத் தாமதம் பற்றி எல்லாரும் எழுதிக்கொடுத்த முறையீடுகளை ஒரு மண்ணிறத் தோற்பையில் வைத்துக்கொண்டு திரிவார். என் மனைவியும் மகளும் அந்தப் பைக்குள் இருந்தார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

செயலாளர் அண்ணைக்கு உலக அரசியல் தண்ணிபட்ட பாடு. தொலைக்காட்சியில் பெய்ரூட் எரிந்தாலும் காபூல் எரிந்தாலும் அவரிடம் விளக்கம் தயாராக இருக்கும். ஒருநாள் சங்க மண்டபத்தில் ஏணியில் ஏறி நின்றுகொண்டு சொன்னார்:

"உந்த முஸ்லிம் நாடுகளுக்கு ஜனநாயகம் சரிவராது, தம்பி. ஒருத்தன்ரை படத்தைக் கழட்டிப்போட்டு மற்றவன்ரை படத்தைக் கொழுவுறதுதான் அவையின்ரை அரசியல். மாற்றுக்கருத்தெண்டா சகிக்கவே மாட்டினம். அந்தச் சுத்தியலை இஞ்சாலை தாரும்."

நான் சுத்தியலைக் கொடுத்தேன். அவர் சுவரில் மாட்டிக்கொண்டிருந்தது புதிய இயக்கத்தின் தலைவர் படம். ஆணி பழையது. போன வருடம்வரை அதே ஆணியில் பழைய இயக்கத்தின் தலைவர் தொங்கினார். யாழ்ப்பாணத்தில் புதிய இயக்கம் பழைய இயக்கத்தைத் தடைசெய்து, அதன் பிள்ளைகளைத் தெருவில் சுட்டபோது, செயலாளர் அண்ணை ஒரே இரவில் விளக்கம் பெற்றுவிட்டார். பழைய தலைவர் படத்துக்கு முன்னால் முதல் விளக்கு ஏற்றியவரும் அவர்தான். படத்தைக் கழற்றி நிலவறைக்கு அனுப்பி, "பழசை எறிஞ்சுபோட்டு இவரைப் போடச் சொல்லும்" என்று என்னிடம் சொன்னவரும் அவர்தான். நான் போய்ச் சொன்னேன். பிரேம்காரர் இரண்டு தலைவர்களையும் மாறிமாறிப் பார்த்தார். "எறியிறதோ? ஏன், நல்ல மட்டையெல்லோ?" என்றார்.

அந்த நாட்களில்தான் என் கல்யாணப் படத்தையும் அவரிடம் கொண்டுபோனேன். கடவுச்சீட்டின் உறைக்குள் மடித்து வைத்து எல்லைகள் கடந்து வந்த படம். மடிப்பு சரியாக என் கழுத்தில் விழுந்திருந்தது. மனைவிக்கு ஒரு கீறலும் இல்லை. அவர் வெகுநேரம் அவளையே பார்த்தார்.

"வருவாவோ?"

"தெரியாது. பேப்பர் அங்கை கிடக்குது."

"வருவா" என்றார். என் கழுத்தை ஈரப் பஞ்சால் நீவி, பாரமான புத்தகங்களுக்குக் கீழே வைத்து மடிப்பை எடுத்தார். நான்கு நாட்கள் கழித்துத் தந்தார். வழக்கத்தை விடப் பாரமாக இருந்தது. பின்பக்கம் தடித்த கடதாசியால் ஓட்டையில்லாமல் ஒட்டியிருந்தது. மற்ற யாருக்கும் அவர் அப்படி ஒட்டிக்கொடுத்ததில்லை. என்னில் பிரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

சித்திரை வருடப்பிறப்பு விழாவில் கதை முற்றியது. ரண்டர்ஸ் இருக்கும் யூட்லாந்தின் காற்று எங்கள் வருடப்பிறப்புக்கென்று தனியாக வீசும். யாரோ மண்டபக் கதவைத் திறக்க, காற்று அதைப் பிடித்து அறைந்தது. சுவர் அதிர்ந்து தலைவர் படம் விழுந்தது. கண்ணாடி உடைந்து புதிய தலைவர் நழுவ, பழைய தலைவர் பின்னாலிருந்து சிரித்துக்கொண்டு வெளியே வந்தார். மண்டபத்தில் ஐம்பது பேர் இருந்திருப்போம். சர்க்கரைப் பொங்கல் கையில் இருந்தவர்கள் மெல்வதை நிறுத்தினார்கள். அந்தச் சிரித்த முகத்தை அங்கே எல்லாருக்கும் தெரியும். ஒருவருக்கும் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு விசாரணை. விசாரணை என்றுதான் சொன்னார்கள், எனக்கு இன்றைக்கும் சிரிப்பும் வெட்கமும் வருகிறது. உயிருக்கு அஞ்சி, மாற்றுக்கருத்துக்கு இடமில்லாத ஊரை விட்டு ஓடிவந்தோம் என்று டேனிஷ் காவல்துறைக்கு எழுதிக்கொடுத்த நாங்கள், அதையே எழுதிக்கொடுத்த இன்னொருவரை மேசைக்கு அந்தப்பக்கம் இருத்தி, இந்தப்பக்கம் நாலு பேர் இருந்தோம். மொழிபெயர்ப்பு நான். உள்ளே போகுமுன் செயலாளர் அண்ணை என் தோளில் கை போட்டார்.

"உம்மடை அப்பீல் என்ரை பையுக்கைதான் கிடக்குது. வாற கிழமை வழக்கறிஞரிட்டைக் குடுக்கவேணும். பாத்துக் கதையும்."

பிரேம்காரர் வந்ததும் முதலில் சுவரைப் பார்த்தார். வெறும் ஆணி. பிறகு எங்களைப் பார்த்தார். அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தார்கள்.

"எங்கடை தலைவருக்குப் பின்னாலை துரோகியின்ரை படத்தை வைக்கச் சொல்லி உவருக்கு ஆர் சொன்னதெண்டு கேளும்" என்றார் செயலாளர் அண்ணை.

நான் கேட்டேன். பிரேம்காரர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, தன்னிடமிருந்த டேனிஷ் முழுவதையும் திரட்டிப் பேசினார்:

"தம்பி, சிராஸிலை என்னைக் கேட்டவருக்குத் தாடி இருந்தது. இவர் சவரம் செய்திருக்கிறார். கேள்வி ஒண்டுதான். அவரும் முதல் தேத்தண்ணி தந்தவர். இவரிட்டைக் கேளும், பழைய படத்துக்கு முன்னாலை விளக்குக் கொளுத்தினது ஆர்? நானோ? எனக்கு அந்த ஆளிலையும் கோபமில்லை, இந்த ஆளிலையும் கோபமில்லை. நான் ஒண்டையும் ஒளிக்கேல்லை. நீங்கள் மறந்த ஆளை நான் பின்னாலை வைச்சிருந்தன். நாளைக்கு உங்களுக்குத் தேவைப்பட்டாலும் படும். தேவையில்லையெண்டா அது மட்டை."

எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் தோற்பையைப் பார்த்தேன்.

"தெரியாமல் செய்திட்டாராம். மன்னிக்கட்டாம்" என்றேன்.

மண்டபம் குளிர்ந்தது. பிற தேசத்து ஆள், எங்கள் போராட்டம் விளங்காதவர் என்று பெருந்தன்மையோடு விட்டார்கள். இனி ஒருவரும் அவரிடம் பிரேம் போடக்கூடாது என்றும், ஏற்கெனவே போட்டவர்கள் வீட்டுப் படங்களைத் திறந்து பின்னால் யார் என்று பார்க்கவேண்டும் என்றும் தீர்மானம் ஆனது. அந்த வாரம் ரண்டர்ஸ் தமிழர் வீடுகளில் கடவுள்கள் எல்லாரும் குப்புறக் கிடந்தார்கள். முருகனுக்குப் பின்னால் காற்றாலை, பிள்ளையாருக்குப் பின்னால் மாடு. செயலாளர் அண்ணை வீட்டுத் தலைவர் படத்துக்குப் பின்னால் ஒரு டேனிஷ் பன்றியும் எட்டுக் குட்டிகளும் இருந்தன. அவர் வெளியே விடவில்லை, அவருடைய மனைவிதான் பிறகொரு நாள் என் மனைவியிடம் சொல்லிச் சிரித்தார். கல்யாணப் படங்களை மட்டும் ஒருவரும் திறக்கவில்லை.

விசாரணை முடிந்து வெளியே வந்தபோது பிரேம்காரர் என்னோடு நடந்தார்.

"நான் நிறையக் கதைச்சன். நீர் கொஞ்சமாச் சொன்னீர். உங்கடை தமிழ் அவ்வளவு சின்ன மொழியோ?"

"ஓம்" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன கேவலமான 'ஓம்' அது. அவர் என் முதுகில் ஒருதரம் தட்டிவிட்டுப் போனார். அந்தக் கோடையில் விபோர்க் நகரத்துக்கு வீடு மாறினார். மேசையை ஏற்ற ஆள் தேவை என்று தெரிந்தும் நான் போகவில்லை.

கொஞ்ச நாளில் எங்கள் விண்ணப்பங்களை முடக்கிவைத்த கதை பத்திரிகைகளில் வெடித்தது. அரசுக்கு வேறு வழியில்லாமல் போய், கிடந்த விண்ணப்பங்களெல்லாம் அசையத் தொடங்கின. என் மனைவியும் மகளும் வந்தார்கள். மூன்று வயதுப் பிள்ளை தாயின் காலுக்குப் பின்னால் நின்று, சுவரிலிருந்த கல்யாணப் படத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்து உறுதிசெய்த பிறகுதான் கிட்ட வந்தாள். அடுத்த மாதம் செயலாளர் அண்ணை பையைத் திறந்து ஒரு கடித உறையை என்னிடம் நீட்டினார். "இனி இது தேவைப்படாதுதானே?" என்றார். என் முறையீடு. ஒட்டிய உறை ஒட்டியபடியே இருந்தது. அவர் அதை யாரிடமும் கொடுத்திருக்கவில்லை.

தொண்ணூறில் யாழ்ப்பாணத்திலிருந்து முஸ்லிம் குடும்பங்கள் அத்தனையையும் இரண்டு மணி நேரம் கொடுத்து இயக்கம் வெளியேற்றியது. என் மனைவியோடு படித்த பெண்ணும் அதில் ஒருத்தி. அந்த ஞாயிறு சங்க மண்டபத்தில் செயலாளர் அண்ணை அல்ஜீரியா பற்றிக் கதைத்தார். மற்றதைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை, நான் உட்பட.

பிறகு தொண்ணூற்றுமூன்று சனவரி. எங்கள் விண்ணப்பங்களை முடக்கியது பற்றிய நீதிபதியின் விசாரணை அறிக்கை வெளிவந்தது, பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றித் தான் விலகுவதாகச் சொன்னார். அடுத்த நாள் செயலாளர் அண்ணை மேல்மூச்சுக் கீழ்மூச்சு வாங்க என் வீட்டுக்கு வந்தார். கையில் பத்திரிகையின் முதல்பக்கம்.

"பாத்தீரோ! ஆட்சியைக் கவிழ்த்துப்போட்டம்! தமிழன் கவிழ்த்துப்போட்டான்! இதைப் பிரேம் போட்டு மண்டபத்திலை கொழுவவேணும். எங்கை அந்தப் பிரேம்காரர்?"

அளவு பார்க்கவென்று என் கல்யாணப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றினார். கழற்றியதும் பின்பக்கம் திருப்பினார். அந்த வருடப்பிறப்புக்குப் பிறகு எந்தப் பிரேமைத் தொட்டாலும் அவருக்கு அந்த வியாதி. தடித்த கடதாசியைக் கண்டதும் சந்தேகம் வந்து, நான் தடுக்குமுன் நகத்தால் கிழித்து மட்டையை இழுத்தார். ஒரு புகைப்படம் நழுவி விழுந்தது. ஒரு பெண். தோளில் விழுந்த தலைமயிர், முக்காடு இல்லை, வாய்விட்டுச் சிரிக்கிறாள்.

செயலாளர் அண்ணை என்னைப் பார்த்தார். என் மனைவியைப் பார்த்தார். அவர் முகத்தில் பழைய விசாரணைக் களை வந்துவிட்டது. "ஆர் இது? கல்யாணப் படத்துக்குப் பின்னாலை?"

மனைவி குனிந்து படத்தை எடுத்தாள். யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இவவுக்குப் பின்னாலை சுவர் முழுக்க வெறும் பிரேமாத் தொங்குது, பாருங்கோ" என்றாள். "நீங்கள் சொல்லுற அந்தப் பிரேம்கார அண்ணையின்ரை மனுசி."

ஞாயிற்றுக்கிழமை பேருந்தில் விபோர்க்குக்குப் போனேன். முதியோர் இல்லமொன்றில் வேலை செய்வதாக அறிந்திருந்தேன். கதவைத் திறந்தார், நரைத்திருந்தார். அன்று வீட்டுக்குள் நுழைந்ததும் சுவரைப் பார்த்தவன் நான்தான். நான்கு ஆணிகள் இருந்தன. படம் ஒன்றும் இல்லை.

"ஆட்சி விழுந்ததெண்டு கேள்விப்பட்டன்" என்றார். "ஆற்றை படத்தைக் கழட்டினவை?"

"ஒருவற்றையும் இல்லை."

"ஆரைச் சுட்டவை?"

"ஒருவரையும் சுடேல்லை. தொலைக்காட்சியிலை வந்து, போறன் எண்டு சொன்னார். போயிட்டார்."

"என்ன காரணம்?"

"எங்கடை பெண்சாதிமாரின்ரை பேப்பருகளைப் பாக்காமல் வைச்சிருந்ததுக்கு."

அவர் சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "பின்னாலை வைச்சிருக்கினம், தம்பி! அவையும் பின்னாலை வைச்சிருக்கினம்! ஆர் வைச்சாலும் ஒருநாள் கண்ணாடி உடையும். என்னிட்டைக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன்."

நான் புகைப்படத்தை மேசையில் வைத்தேன். சிரிப்பு நின்றது. அவர் அதைத் தொடவில்லை.

"நான் ஓடினாப் பிறகு இவவை மூண்டு தரம் கூப்பிட்டு விசாரிச்சவை. அவனுக்கும் எனக்கும் ஒண்டுமில்லை எண்டு கையெழுத்து வைச்சாப் பிறகுதான் விட்டவை. இப்ப வேறை கலியாணம் கட்டி ஒரு பிள்ளையும் இருக்கு. நல்லா இருக்கட்டும். இந்தப் படம் என்ரை சுவரிலை இருக்கிறதெண்டு, வந்துபோற ஆக்களிலை ஒராள் ஊருக்கு எழுதினாக் காணும். அவவை விடமாட்டினம்."

"ஏன் என்ரை படத்துக்குப் பின்னாலை?"

"கல்யாணப் படத்தை ஆரும் சந்தேகப்பட மாட்டினம். பிறகு… உம்மடை மனுசி வருவா எண்டு எனக்குத் தெரியும். இவ வரமாட்டா எண்டும் தெரியும். வாற ஆளோடை வைச்சு விட்டன்."

எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்கவில்லை. "அண்ணை, அண்டைக்கு விசாரணையிலை நீங்கள் சொன்னதை நான் சொல்லேல்லை" என்றேன்.

"தெரியும். நான் சிராஸிலையும் விசாரணை பாத்த ஆள். உமக்கு மனுசி வரவேணும்."

"அவர் அப்பீலைக் குடுக்கவே இல்லை. பையுக்கையே வைச்சிருந்தவர்."

"அவருமோ!" என்று மறுபடி சிரித்தார். முதல் சிரிப்பை விட நீளமாக.

செயலாளர் அண்ணையின் பத்திரிகைப் பக்கத்துக்கு அன்றே பிரேம் போட்டுத் தந்தார். மண்டபத்தில் அது இன்றும் தொங்குகிறது. பின்னால் யார் என்று எனக்குத் தெரியும், பழைய தலைவரும் இல்லை புதிய தலைவரும் இல்லை, வெறும் மாடு. புகைப்படத்தை அவர் வாங்க மறுத்துவிட்டார். தன் கையால் ஒரு மெல்லிய கடதாசியில் சுற்றி என்னிடமே திருப்பித் தந்தார். "அங்கையே இருக்கட்டும்" என்றார்.

வீட்டுக்கு வந்து கல்யாணப் படத்துக்குப் பின்னால் அந்தப் பெண்ணை வைத்து, பழையபடி ஒட்டி மாட்டினேன். அவர் காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போது என் மனைவி அந்தப் படத்தைக் கழற்றி, கண்ணாடியைத் துடைத்து, திருப்பிப் பின்பக்கத்தையும் துடைப்பாள். பின்பக்கத்தை ஏன் துடைக்கிறாய் என்று ஒருமுறை கேட்டேன்.

"அவவிலையும் தூசு பிடிக்குமெல்லோ?" என்றாள்.